எஸ்.பி. ரோட்டில் ஹெட்பேனும் முடி கேபிளும்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடைக்காவது போய் “ஸ்டுடியோ மானிட்டர் இருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். இருபத்துநாலு இன்ச் திரையைத் தூக்கி மேசைமேல் வைப்பார்கள். இல்லைங்க, பாட்டு கேட்கிற ஸ்பீக்கர் என்று விளக்கினால் நீல விளக்கு எரியும் ஹோம் தியேட்டர் பெட்டி வரும். ராம், ஹார்ட் டிஸ்க், செகண்ட் ஹேண்ட் லேப்டாப் எதுவானாலும் அந்தத் தெருவில் கிடைக்கும். ஆனால் கம்ப்யூட்டரில் பாட்டுக்கு இசை கோர்க்கிறவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த கடை அபூர்வம். நான் சாமான் வாங்கியது அப்படி ஒரு கடையில்.

பெயரை எழுதலாம் என்றால், பலகையில் ஒரு ஸ்பெல்லிங், விசிட்டிங் கார்டில் வேறொன்று, ஜி.எஸ்.டி. பில்லில் மூன்றாவதாக ஒன்று. எதை எழுதினாலும் கூகுள் உங்களை வேறெங்காவது கொண்டுபோய் விடும். முதல் மாடி, குறுகலான படி, படியெல்லாம் கீபோர்டு அட்டைப்பெட்டி. அவ்வளவுதான் அடையாளம்.

எனக்கு இது தொழில் இல்லை. பகலில் பேங்க் கவுண்டர், சாயங்காலம் அல்சூரில் எங்கள் சர்ச் குயர். கீர்த்தனைகளை நாலு குரலுக்குப் பிரித்து எழுதி, கம்ப்யூட்டரில் வாசித்து, ஒவ்வொரு குரலையும் தனித்தனி ஆடியோவாக வாட்ஸ்ஆப்பில் அனுப்புவேன். அதைக் கேட்டு வீட்டில் பழகிக்கொண்டு வருவார்கள். (எங்கள் செயலாளர் அடித்த பட்டியலில், பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ எல்லாம் ஆட்டோ. ‘ஆட்டோ: ஏழு பேர், இடது பக்கம் நிற்கவும்.’ போலீஸ் போர்டு மாதிரி இருக்கும்.)

என்னிடம் இருப்பது பின்பக்கம் ஐந்து ஊசி மிடி (வாசிப்பைக் கம்ப்யூட்டருக்கு எண்களாகச் சொல்லும் முறை) துளை உள்ள பழைய யமஹா கீபோர்டு. அதை லேப்டாப்போடு சேர்க்க வேண்டும், கட்டையை அழுத்தியதும் சத்தம் வர வேண்டும். லேப்டாப்பின் சொந்த சவுண்டு சிப்பில், அழுத்தி முடித்துக் கையை எடுத்த பிறகு நோட் வந்துகொண்டிருந்தது. கோளாறு கீபோர்டில் இல்லை. 1983-ல் வந்த மிடியே நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் போகிறது. ஒரு நோட்டுக்கு ஒரு மில்லி செகண்டுகூட ஆகாது. தாமதமெல்லாம் கம்ப்யூட்டர் சத்தத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு மொத்தமாக வெளியே விடுவதில்.

இதை முதலில் எனக்குப் புரியும்படி சொன்னது அந்தக் கடைப் பையன். கிருஷ்ணகிரிப் பக்கம். சேட்டிடம் இந்தி, பக்கத்துக் கடையில் கன்னடம், என்னிடம் தமிழ். “அக்கா, காசு எவ்ளோன்னு அப்புறம் பாக்கலாம். முதல்ல வாசிச்சுப் பாருங்க” என்று கடை லேப்டாப்பில் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸை, அதாவது வெளியே மாட்டும் சவுண்டு கார்டுப் பெட்டியை மாட்டி, அதன் ஆசியோ டிரைவரில் (தாமதத்தைக் குறைக்கும் சாஃப்ட்வேர்) பஃபரை, அதாவது சத்தத்தைச் சேர்த்து வைக்கும் அளவை, 256 சாம்பிளுக்குக் கொண்டுவந்தான். நொடிக்கு 48,000 சாம்பிளில் ஓடும்போது அது ஐந்து மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல், யூ.எஸ்.பி. வழியில் போய்வர இன்னும் சிறிது கூடும். எனக்குப் பின்வரிசையில் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிற பேஸ்காரரின் (ஆண்களின் கீழ்க்குரல்) குரல் என் காதுக்கு வரவே கிட்டத்தட்ட ஆறு மில்லி செகண்டு ஆகும். பிறகு என்ன குறை? 53-ஆம் எண் ‘குயர் ஆஸ்’ (குயர் ‘ஆ’ என்று பாடுகிற சத்தம்) வைத்து ஒரு சரணம் முழுக்க வாசித்தேன். வரிசையில் நின்ற கிராஃபிக்ஸ் கார்டு வாடிக்கையாளர் கைதட்டினார்.

அந்த எண், எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்று 1991-ல் வந்த ஜெனரல் மிடி பட்டியலில் உள்ளது. 128 வாத்தியத்தில் சிதார் 105, ஷெனாய் 112. வீணையும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை. கமகத்துக்கு, சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டு சக்கரம்தான். அது வழக்கமாக இரண்டு அரைசுரத்தோடு நின்றுவிடும். ‘நாதஸ்வர சவுண்டுக்கு எந்த சவுண்டு கார்டு’ என்று கேட்டு அலையாதீர்கள். அது சாஃப்ட்வேர் சமாச்சாரம், கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதையும் எந்தக் கடையும் சொல்லாது, இந்தக் கடை சொன்னது. விற்பனை ஒன்று குறைந்தாலும் சொன்னது.

நான் கடைசியில் எடுத்தது பெஹ்ரிங்கர் யூ.எம்.சி. 204 ஹெச்.டி. காரணம் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒலித்தர எண்கள் இல்லை. மிடி அனுப்புவது சத்தத்தை இல்லை, எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்ற எண்களைத்தான். காரணம், இந்தப் பெட்டியின் பின்பக்கம் ஐந்து ஊசி மிடி துளை உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று இருக்கிறது. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-வும் நல்ல பெட்டிதான், ஆனால் அதில் அந்தத் துளை இல்லை. புதிய யூ.எஸ்.பி. கீபோர்டு வைத்திருப்பவருக்கு அது பொருட்டே இல்லை.

இனி பட்டியலுக்கு வருகிறேன். கல்லாப்பெட்டி மேல் லேமினேட் செய்து ஒட்டிய ஆங்கில விலைப்பட்டியல் அந்தக் கடையின் பொக்கிஷம். கண்டென்சர் மைக், ‘கண்டென்ஸ்டு மைக்’ ஆகியிருக்கிறது, பாயசத்துக்கு ஊற்றலாம். அதற்கு 48 வோல்ட் தரும் ஃபேன்டம் பவர், ‘ஃபேன்டா பவர்’. ஹெட்போனில் ஓ போய் ஏ வந்து, வாசித்தால் சுத்தமாக ‘ஹெட்பேன்’. இதற்கு நடுவில் பையன் தமிழில் பேசி டைப் அடிக்கும் செயலி வழியாக எனக்கு ஒரு மெசேஜ்: “அக்கா உங்க முடி கேபிள் வந்துருச்சு.” மிடிதான் முடி ஆகியிருக்கிறது. பட்டியலில் ஹெட்பேன், போனில் முடி கேபிள். சீப்பு எப்போது வரும் என்று பதில் போட்டேன். அரை மணி நேரம் கழித்து, “ஸ்டாக் இல்ல அக்கா, எந்த மாடல்?”

அந்த முடி கேபிள் பற்றிக் கொஞ்சம். யூ.எஸ்.பி.யிலிருந்து மிடிக்குப் போகும் மலிவு ஒயர் ஒன்று தனியாகவும் விற்கிறார்கள். பெட்டியில் கம்பெனிப் பெயரே கிடையாது. ஒற்றை நோட்டுக்கு ஓடும், இரண்டு கை நிறையக் கார்டு (ஒரே நேரத்தில் பல சுரம்) பிடித்தால் நோட்டை முழுங்கும். ‘இன்’ என்று போட்ட முனையைக் கீபோர்டின் ‘அவுட்’டில் செருக வேண்டும் என்பதும் அதில் அச்சிட்டிருக்காது. பையன் அதை ஷெல்ஃபின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறான், கேட்டால் மட்டும் எடுப்பான். நான் வாங்கியது இரு பக்கமும் ஐந்து ஊசி உள்ள சாதாரண மிடி ஒயர். அது போதும்.

குறைகளும் உண்டு. பெட்டி சீலைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள். சேட்டு பில் போட அவசரப்படவே மாட்டார். ஸ்பீக்கர் மட்டும் அங்கே கேட்டு வாங்காதீர்கள்: ஜன்னலுக்குக் கீழே டெம்போ, மேலே இரண்டு ஃபேன், பக்கத்தில் ஒருவர் யூ.பி.எஸ். சோதிக்கிறார். அந்த இரைச்சலில் பேஸ் கேட்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. காதை மூடும் வகை ஹெட்பேன், மன்னிக்கவும், ஹெட்போன் வாங்கலாம். இரைச்சல் பாதி அடங்கும். கைக்காசு குறைவானவர்கள் இன்டர்ஃபேஸில் சிக்கனம் பிடித்து ஹெட்போனில் போடுங்கள். நாலு குரலைப் பிரித்துக் கேட்க அதுதான் உதவுகிறது.

வண்டி எடுத்துப் போகாதீர்கள், சிக்பேட் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். பில் கையில் வந்ததும் சாமான் பெயரைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் சீரியல் நம்பரைப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வாரண்டி அதில்தான் இருக்கிறது. பையன் அதை ஒவ்வொரு எழுத்தாக உரக்க வாசித்து, என்னையும் திருப்பி வாசிக்கச் சொல்லி, பிறகுதான் சீல் குத்தினான்.