‘.223க்கு ரெடி’ என்று விற்கப்படும் பழைய ப்ரோக்ரஸிவ் பிரஸ்: பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

சட்டப்படி ரீலோடிங் (சுட்ட கேஸ், அதாவது பித்தளைக் கூட்டில், மீண்டும் மருந்தும் புல்லட்டும் ஏற்றுவது) செய்கிறவர்கள், குறிப்பாகப் பழைய பிரஸ் வாங்கி ரைஃபிள் ரவை (தோட்டா) தயாரிக்க நினைப்பவர்கள், கவனத்துக்கு.

‘முழுக்க ரீபில்ட் பண்ணியது, .223க்கு செட் செய்து வைத்திருக்கிறேன், மாட்டினால் ஓடும்’ என்று சொல்லி ஒரு தனிநபர் எங்களுக்கு விற்ற ஐந்து ஸ்டேஷன் ப்ரோக்ரஸிவ் பிரஸ் (கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் எல்லா நிலைகளிலும் வேலை நடக்கும் இயந்திரம்) உண்மையில் 9 மி.மீ. கைத்துப்பாக்கி ரவைக்கு ஓடி ஓடித் தேய்ந்தது. .223 ரைஃபிளுக்கான டை (கேஸுக்கு உருக்கொடுக்கும் அச்சு) செட்டையும் ரைஃபிள் பவுடர் ஃபனலையும் (புனல்) மேலே மாட்டி, கழுவி, கிரீஸ் பூசி அனுப்பியிருக்கிறார். விற்கும்போது காட்டிய வீடியோவில் கைப்பிடி வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, கேஸ்களைத் தாங்கும் தட்டு (ஷெல் பிளேட்) அழகாகச் சுற்றுகிறது. ஆனால் தட்டில் ஒரு கேஸ்கூட இல்லை.

இந்த ஏமாற்று எடுபடக் காரணம் உண்டு. 9 மி.மீ., .223 இரண்டுக்கும் ப்ரைமரின் (கேஸ் அடியில் வைக்கும் சிறு பற்றவைப்பு மூடி) விட்டம் ஒன்றுதான், 0.175 அங்குலம். அதனால் ப்ரைமர் ஃபீடில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. கேஸ் விளிம்பு 9 மி.மீ.க்கு 0.394 அங்குலம், .223க்கு 0.378. அதாவது 9 மி.மீ. ஷெல் பிளேட்டில் .223 கேஸ் உட்காரும், நிற்கவும் செய்யும். விரலால் ஆட்டிப் பார்த்தால்தான் தொளதொளப்பு தெரியும். அந்த 0.016 அங்குல இடைவெளியில்தான் எல்லாத் தொல்லையும் ஆரம்பிக்கிறது. கேஸ் மையம் தவறி நிற்பதால் ப்ரைமர் பாக்கெட்டின் (அது உட்காரும் குழி) ஓரத்தில் இடிக்கும். சைசிங் டையிலிருந்து (கேஸைப் பழைய அளவுக்கு அமுக்கும் அச்சு) கேஸை இழுக்கும்போது விளிம்பில் முழுப் பிடி கிடைக்காமல் ஒரு பக்கம் மட்டும் வளையும் அல்லது கிழியும். விளிம்பில் பிறை வடிவில் பளபளப்பான கீறல் தெரிந்தால் டையைத் திருகும் முன் ஷெல் பிளேட் எண்ணைப் பாருங்கள். எண் பிளேட்டிலேயே பொறித்திருக்கும். விற்பவரிடம் அதன் படத்தை முதலில் கேளுங்கள்.

அடுத்தது பவுடர் மெஷர், அதாவது மருந்து அளக்கும் பகுதி. உள்ளே இருந்தது கைத்துப்பாக்கி அளவுக்கான சிறிய சார்ஜ் பார் (மருந்தை அளந்து விடும் நகரும் துண்டு). அதைக் கடைசிவரை திறந்தாலும் .223க்கு வேண்டிய அளவு விழாது. தராசு பார்க்காமல் ஓட்டினால் குறைமருந்து ரவைதான் கிடைக்கும். குறைந்த மருந்தில் புல்லட் குழலிலேயே சிக்கிக்கொள்ளலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். ரைஃபிள் பவுடரில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீளக் குச்சி வடிவப் பவுடர் பாரின் விளிம்பில் நறநறவென்று வெட்டுப்படும், .22 அளவுள்ள குறுகலான ஃபனலில் பாலம் கட்டி நிற்கும். ஒரு கேஸுக்குப் பாதி விழும், அடைப்பு விட்டதும் அடுத்த கேஸ் நிரம்பி வழியும். உருண்டைப் பவுடர் இந்த அளவுக்குப் படுத்தாது. எந்தப் பவுடராக இருந்தாலும் கேஸ் கழுத்தின் உட்புறம் லூப் (சைஸ் பண்ணப் பூசும் வழவழப்பு எண்ணெய்) பிசுக்கு இருந்தால் மணிகள் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே ரைஃபிள் கேஸை இரண்டு சுற்றாகச் செய்வதே சரி. முதல் சுற்றில் லூப் போட்டு சைஸ் பண்ணி, நீளம் வெட்டி (.223க்கு உச்ச நீளம் 1.760 அங்குலம், வெட்டும் அளவு 1.750), லூப்பைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். இரண்டாம் சுற்றில் வேறு டூல்ஹெட்டில் (டைகளைத் தாங்கும் மேல்தலை) ப்ரைமர், பவுடர், புல்லட். ‘ஒரே சுற்றில் எல்லாம் முடியும்’ என்று .223க்குச் சொல்லி விற்பவரிடம் லூப்பை எங்கே துடைப்பீர்கள் என்று கேளுங்கள்.

காலித் தட்டு எதையும் நிரூபிக்காது என்பதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) உள்ள ரைஃபிள் கேஸை முழுநீளம் சைஸ் பண்ணும்போது வரும் விசை 9 மி.மீ.யில் வரவே வராது. பிரஸ்ஸின் தேய்மானம் அந்த விசையில்தான் வெளியே வரும். சோதிக்கும் முறை இது. பவுடர் வேண்டாம், புது ப்ரைமர் வேண்டாம். சுட்ட .223 கேஸ் பத்து எடுத்து லூப் போடுங்கள். முதலில் ஒரே ஒரு கேஸைத் தட்டில் வைத்து சைஸ் செய்து, தோள் அளவைக் கம்பேரேட்டரில் (தோள் இருக்கும் இடத்தை அளக்கும் கருவி) எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லா ஸ்டேஷனும் நிறைந்த நிலையில் மீதியை ஓட்டி ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள். 0.001 அல்லது 0.002 அங்குலம் மாறினால் பரவாயில்லை. எங்கள் கைக்கு வந்ததில் கேஸுக்குக் கேஸ் அளவு ஓடியது. ரேம் (தட்டைத் தூக்கும் தண்டு) மேலே போகும்போது டூல்ஹெட்டின் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியத் தூக்கியது, கைப்பிடியை இணைக்கும் ஊசியும் முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. இதை டையை இன்னும் கீழே இறக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். தோள் அளவுக்கு மீறிப் பின்னுக்குத் தள்ளப்பட்டால், சுடும்போது கேஸ் அடிப்பகுதிக்குச் சற்று மேலே நீண்டு மெலியும். திரும்பத் திரும்ப ரீலோட் செய்தால் அங்கேயே இரண்டாகப் பிரியும். வெளியே பளபளப்பான வளையம் தெரியும். உள்ளே நுனி வளைத்த மெல்லிய கம்பியை இழுத்தால் பள்ளம் தட்டுப்படும். அந்தக் கேஸைக் குப்பையில் போடுங்கள்.

தட்டுச் சுற்றுவதையும் பாருங்கள். ஷெல் பிளேட்டின் நடு போல்ட் தளர்ந்தால் தட்டு சாய்ந்து ப்ரைமர் மேலே துருத்தி நிற்கும். அதிகம் இறுகினால் தட்டு அரைகுறையாகத் திரும்பி நிற்கும். சரியாக இறுக்கிய பிறகும் அரைகுறையாக நின்றால் இண்டெக்ஸ் பால் (தட்டை ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தும் சிறு குண்டு) தேய்ந்திருக்கிறது, அல்லது தட்டுக்கு அடியில் பழைய ப்ரைமர் கரி சேர்ந்திருக்கிறது. கரியைத் துடைத்தால் போய்விடும், குண்டை மாற்றியே ஆக வேண்டும். ஓட்டும்போது தட்டு பாதியில் நின்றால் கைப்பிடியைத் திரும்ப மேலும் கீழும் ஆட்டாதீர்கள். பவுடர் இரண்டு முறை விழுவதும் விழாமலே போவதும் அந்த இடத்தில்தான். தட்டிலுள்ள எல்லாக் கேஸையும் எடுங்கள், பவுடரைக் கொட்டுங்கள், முதலிலிருந்து தொடங்குங்கள்.

ப்ரைமர் கேஸ் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். துருத்திய ப்ரைமர் ஏஆர்-15 போல ஃபயரிங் பின் சுதந்திரமாக நகரும் துப்பாக்கிகளில் போல்ட் மூடும்போதே வெடிக்கக்கூடும். ராணுவக் கேஸில் பாக்கெட் ஓரத்தை உள்ளே நெருக்கி (கிரிம்ப்) வைத்திருப்பார்கள், அதை நீக்காமல் ப்ரைமரை அமுக்கினால் நசுங்கும். டிகேப்பிங் பின் (பழைய ப்ரைமரை வெளியே தள்ளும் ஊசி) அதைத் தன்னோடு திரும்ப மேலே இழுத்து வந்தால் ஊசியின் நுனியை லேசாக உருண்டையாகத் தேய்த்துவிடுங்கள். ப்ரைமர் எங்கே தடுத்தாலும் பலம் கொடுத்துத் தள்ளக் கூடாது.

எங்களை உண்மையிலேயே கொதிக்க வைத்தது ப்ரைமர் டியூப். அதற்குள் உயிருள்ள ப்ரைமர்கள் அப்படியே இருந்தன. சாதாரணப் பெட்டியில், எந்த அடையாளமும் இல்லாமல் அனுப்பியிருக்கிறார். ப்ரைமர் போக்குவரத்து விதிகளில் 1.4எஸ் வகை வெடிபொருள். டியூபுக்குள் ஒன்று வெடித்தால் மற்றவையும் தொடர்ந்து வெடிக்கும். பெட்டியைத் தூக்கிய, அடுக்கிய, ஓட்டிச் சென்ற யாருக்கும் அது தெரியாது. பழைய பிரஸ் வந்து இறங்கியதும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கைப்பிடியைத் தொடும் முன் டியூபைத் தனியாகக் கழற்றிக் காலி செய்யுங்கள்.

பவுடர் ஹாப்பரின் (மருந்து கொட்டி வைக்கும் குடுவை) உட்சுவர் பழுப்பேறியிருந்தால் அதில் பவுடரை நாள்கணக்கில் விட்டு வைத்திருக்கிறார்கள் என்று பொருள். உள்ளே மிச்சம் இருப்பதையோ, ‘இலவசமாக’ வரும் திறந்த டப்பாவையோ, லேபிள் எதுவானாலும் பயன்படுத்தாதீர்கள். விற்பவர் சாம்பிளாகத் தரும் ரவையையும் சுடாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதில்: ‘அனுப்பும்போது ஓடியது, நீங்கள்தான் செட்டிங்கைக் கலைத்துவிட்டீர்கள்.’ இதற்கு இடம் கொடுக்காதீர்கள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். டையைப் பூட்டும் எந்த லாக் ரிங்கையும் திருப்பும் முன் அதன் நிலையை மார்க்கரில் கோடு போட்டுப் படமெடுங்கள். ஷெல் பிளேட் எண், சார்ஜ் பார், பின்களின் தேய்மானம், டியூபின் உள்ளே இருந்தது எல்லாவற்றையும் தனித்தனியாகப் படமெடுங்கள். பணம் கொடுக்கும் முன்பே, தட்டு நிறைய .223 கேஸோடு சைசிங் ஓட்டிய வீடியோவும் அந்தக் கேஸ்களின் தோள் அளவும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு விற்றவரிடம் அதைக் கேட்டிருந்தால் அவரால் கொடுத்திருக்க முடியாது.