பழைய ராணுவத் தளங்களைத் தேடி: உள்ளே தங்குவதா, வெளியிலா?

அமெரிக்காவில் ராணுவப் பணி முடித்த தம்பதிகள், ஆர்.வி. எனும் வீட்டு வண்டியில் தாங்கள் வாழ்ந்த ஊர்களை மறுபடி பார்க்கக் கிளம்புவதுண்டு. இரவு எங்கே தங்குவது?

பல ராணுவத் தளங்களுக்குள்ளேயே ஃபேம்கேம்ப் எனும் வண்டி முகாம்கள் உண்டு. 20 வருடம் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் அடையாள அட்டையைக் காட்டி நுழையலாம். பணியால் உடல் பாதிப்படைந்த முன்னாள் வீரர்களுக்கும் 2020 முதல் அனுமதி உண்டு. காலையில் கொடியேற்றும் பியூகிள் ஒலி காதில் விழும். பழைய குடியிருப்புத் தெருவில் இருவரும் நடந்தே போய் வரலாம். இதற்கு ஈடு வெளியில் கிடையாது. ஆனால் ஒரே தவணை பணியாற்றி வெளியேறியவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வாய்ப்பு இல்லை.

வெளியில் என்றால் அரசுப் பூங்காக்கள், ராணுவப் பொறியாளர் படை பொதுமக்களுக்காக நடத்தும் ஏரிக்கரை முகாம்கள். 62 வயது கடந்த அமெரிக்கர்கள் 80 டாலருக்குப் பூங்காக்களுக்கான ஆயுள் அட்டை வாங்கினால், இவற்றில் பல இடங்களில் பாதிக் கட்டணம்தான். முன்னாள் வீரர்களுக்கான இலவச அட்டை பூங்கா நுழைவுக்கு உதவும், முகாம் கட்டணத்தைக் குறைக்காது. அதனால் 80 டாலரைச் செலவழிப்பதே நல்லது.

அப்புறம், மூடப்பட்ட தளங்கள். கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் ஆர்டு 1994-ல் மூடப்பட்டது. அதன் ஒரு பகுதி 2012 முதல் தேசிய நினைவுச்சின்னம். அங்கே பணியாற்றியவர்களுக்கு வெளியில் தங்குவதுதான் வழி. தளம் இன்னும் இயங்கினால், அதில் நுழைவதற்கான அடையாள அட்டையும் இருந்தால், உள்ளேயே தங்குங்கள்.