தம்பிக்கு ஒரு மூன்று சக்கர வண்டி: டேனரி ரோடு வெல்டிங் கடை அனுபவம்

பெங்களூரில் கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டியைச் சொந்த அளவுக்குச் செய்து தருவார்களா என்று தேடி அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் நாலு மாதம் அலைந்தேன்.

கடை டேனரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் தோல் குடோன், மறுபக்கம் லேத் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. நடத்துபவர் ஆம்பூர்க்காரர், அறுபதைத் தாண்டியவர். சந்தில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாங்களும் அப்படியே. "பேரெல்லாம் எழுதாதீங்க தங்கச்சி, கையில இருக்கிற வேலையே ரெண்டு மாசத்துக்கு இருக்கு" என்று கேட்டுக்கொண்டதால் மேல்விவரம் தரவில்லை. கேட், கிரில், தள்ளுவண்டி, இட்லிக்கடை ஸ்டாண்டு, இவைதான் அவருடைய அன்றாட வேலை.

என் தம்பிக்கு நாலு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் செயலிழந்துவிட்டன. லிங்கராஜபுரத்தில் எங்கள் வீடு, கம்மனஹள்ளியில் அவனுடைய செல்போன் ரிப்பேர் கடை. முகாம் ஒன்றில் கிடைத்த மூன்று சக்கர வண்டியைப் பத்து வருஷம் ஓட்டினான். வலது கையால் சுழற்ற வேண்டும், இடது கையால் திருப்ப வேண்டும். கியர் கிடையாது. ஏற்றம் வந்தால் யாராவது பின்னாலிருந்து தள்ள வேண்டும். எங்கள் சந்தின் இரும்பு கேட்டுக்குள் அது நுழையாது, அதனால் இரவெல்லாம் தெருவிலேயே நிற்கும். வலது தோள்பட்டை தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, இரண்டு கையாலும் சமமாகச் சுழற்றும் வண்டி ஒன்றைச் செய்தே தீருவது என்று முடிவெடுத்தோம்.

நான் கார்மென்ட்ஸ் கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிறேன், இருபத்திரண்டு வருஷமாக. ஆகவே வரைவதில் எனக்குத் தயக்கம் இல்லை. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. நெஞ்சுக்கு எதிரே கையால் சுழற்றும் கிராங்க், அதிலிருந்து செயின் நேராக முன்சக்கரத்துக்கு. எல்லா அளவும் போட்டுப் பெரிய தாளில் வரைந்து எடுத்துப் போனேன். அதற்கு முன் பார்த்த மூன்று பட்டறைகளில் தாளைப் பார்த்ததுமே விலை சொன்னார்கள். பாய் விலை சொல்லவில்லை. தாளைத் தரையில் விரித்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "இதுல உட்காரப் போறவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு தம்பியை ஆட்டோவில் அழைத்துப் போனோம். பழைய பிளைவுட், மூன்று சைக்கிள் சக்கரம், கட்டுக்கம்பி ஆகியவற்றை வைத்து என் படத்தில் இருந்த அளவிலேயே ஒரு மாதிரி வண்டியைக் கட்டி வைத்திருந்தார். துணி வெட்டுவதற்கு முன் தாளில் வெட்டிப் பார்ப்பது என் பிழைப்பு. இரும்பு வேலையிலும் ஒருவர் அப்படிச் செய்வதைப் பார்த்ததும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது.

தம்பி உட்கார்ந்ததும் மூன்று தப்பு தெரிந்தது. திருப்பும்போது கிராங்க் கம்பம் முன்சக்கரத்தோடு சேர்ந்து சாய்ந்து வந்து முழங்காலில் இடித்தது. கைப்பிடி தோளுக்கு மேலே போயிற்று. மூன்றாவது, நான் யோசித்தே இராத ஒன்று: வண்டி கவிழும்.

அதை அவர் காட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். தம்பியின் எடை 54 கிலோ. அதே எடைக்கு மணல் மூட்டைகளைச் சீட்டில் நிமிர்த்திக் கட்டி, வண்டியை அகலப் பலகை ஒன்றில் ஏற்றினார். பலகையின் ஒரு ஓரத்தை ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க, இரண்டு பையன்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பலகையின் மேல் என் போனை வைத்து, மட்டம் காட்டும் ஆப்பைத் திறக்கச் சொன்னார். 19 டிகிரியில் மேட்டுப் பக்கத்துச் சக்கரம் பலகையை விட்டு எழும்பிவிட்டது. அவ்வளவு சாயும் ரோடு நம் ஊரில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "ரோடு சாய வேணாம் தங்கச்சி, வேகமா வளைச்சாலே போதும்" என்றார்.

சாக்பீஸை எடுத்துத் தரையில் மூன்று சக்கரங்களையும் கோட்டால் இணைத்தார். அந்த முக்கோணத்துக்குள்தான் பாரம் நிற்க வேண்டும். பின் அச்சுக்குப் பக்கத்தில் முக்கோணம் அகலம், முன்னால் போகப்போக ஒடுங்கும். ஆகவே பாரம் பின்னால் இருந்தால் எளிதில் கவிழாது. ஆனால் எங்கள் வண்டியில் செயின் இழுப்பது முன்சக்கரத்தை. முன்னால் பாரம் குறைந்தால் ஏற்றத்தில், அதுவும் மழையில், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். பாரத்தை முன்னால் நகர்த்தினால் பிடிப்பு வரும், நிலை குறையும். பின்னால் நகர்த்தினால் நேர் எதிர். இந்த இழுபறிதான் முன்சக்கரம் இழுக்கும் மூன்று சக்கர வண்டியின் முழுக் கதையும். அந்தச் சாக்பீஸ் முக்கோணத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

தப்பிக்க இரண்டு வழி: பின்பக்கத்தை அகலமாக்குவது, சீட்டை இறக்குவது. அகலத்துக்கு எங்கள் சந்து கேட் எல்லை கட்டியது, அது 33 அங்குலம். என் படத்தில் பின்சக்கரங்களுக்கு இடையே 26 அங்குலம் இருந்தது, அதை 29 ஆக்கினார். டயர், நட்டு எல்லாம் சேர்த்து மொத்தம் முப்பத்தொன்றரை. இரு பக்கமும் முக்கால் அங்குலம்தான் மிச்சம். கேட்டின் தாழ்ப்பாள் இடிக்கும் என்பதை நான்தான் கவனித்தேன், அதை மாற்றிவிட்டோம். சீட்டை நாலு அங்குலம் இறக்கினோம். இன்னும் இறக்கலாம் என்றபோது தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. கட்டிலிலிருந்து கையை ஊன்றி அவன்தான் மாற வேண்டும், சீட் ரொம்பத் தாழ்ந்தால் தோள்வலி திரும்ப வரும். அவன் சொன்ன பதினாறரை அங்குலத்திலேயே பாய் நிறுத்திக்கொண்டார். மறுபடி பலகைச் சோதனை: 27 டிகிரி.

பைப் 16 கேஜ், ஒன்றே கால் அங்குல உருண்டை. இவ்வளவு மெல்லிய பைப்பில் சாதா ஆர்க் வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும் என்று, கரியமில வாயு விட்டு வெல்டிங் வைக்கும் சி.ஓ.டூ மெஷினில்தான் வைத்தார். மேஜையில் கிளாம்ப் போட்டு, ஒரு பக்கம் புள்ளி வைத்ததும் எதிர்ப்பக்கம் புள்ளி, ஆறவிட்டு மறுபடி. ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு போனால் சூட்டில் பைப் இழுத்துக்கொண்டு சட்டம் கோணிவிடுமாம். முடிந்த சட்டத்தில் மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

சக்கர விஷயத்திலும் அவர் சொன்னதைத்தான் கேட்டேன், கேட்டது நல்லதாயிற்று. சைக்கிள் வளைவில் சாய்ந்துகொள்ளும், அதனால் பாரம் ஸ்போக்குக்கு நேராகவே இறங்கும். மூன்று சக்கர வண்டி சாயாது. வளைவில் சக்கரத்தைப் பக்கவாட்டில் மடக்கப் பார்க்கும். 26 அங்குலச் சக்கரம் வேண்டாம், 20 அங்குலம், 36 ஸ்போக் போடலாம் என்றார். பின்சக்கரங்களை ஒரு பக்கம் மட்டுமே தாங்குவதால் சாதா சைக்கிள் அச்சு வளைந்துவிடும் என்று, பக்கத்து லேத்தில் ஈ.என்.8 என்ற உறுதியான எஃகுக் கம்பியில் 20 மில்லி அச்சு கடைந்தார்கள், 6004 நம்பர் பேரிங் உட்காரும்படி. சக்கரத்தின் நடுவில் வரும் ஹப்பையும் அங்கேயே கடைந்து, டிஸ்க் பிரேக்குக்காக 44 மில்லி வட்டத்தில் ஆறு துளை போட்டார்கள். கடையில் விற்கும் ஆறு போல்ட் டிஸ்க் அப்படியே உட்கார்ந்தது. ஒரே லீவர் இரண்டு பின்சக்கரத்தையும் பிடிக்கும், பூட்டியும் வைக்கலாம். ஏறி இறங்கும்போது வண்டி நகராமல் இருக்க அந்தப் பூட்டு கட்டாயம் வேண்டும்.

கிராங்க் இரண்டும் சைக்கிளில் போல எதிரெதிராக இல்லாமல் ஒரே திசையில் இருக்கின்றன. சதுர அச்சு என்பதால் ஒன்றைக் கழற்றித் திருப்பி மாட்டினால் போதும். இரண்டு கையும் சேர்ந்து தள்ளி, சேர்ந்து இழுக்கும்போது முதுகும் உதவுகிறது. பிரேக் பிடிக்க ஒரு கையை எடுத்தாலும் இன்னொரு கையில் வண்டி அடங்கி நிற்கிறது. முன்பல்சக்கரம் 22 பல், கீழே ஏழு அடுக்கு, 14 முதல் 34 பல் வரை. மிக லேசான கியரில் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர்தான் நகரும், ஆனால் ஏற்றத்தை ஏறிவிடுகிறது. செயின், கியர், சக்கரம் எல்லாம் சிட்டி மார்க்கெட் பக்கமும் பழைய சாமான் சந்தையான சிவாஜிநகர் குஜிரியிலும் நானே அலைந்து வாங்கியவை.

முதல் ஓட்டத்தில், கடை வாசலில் கிடந்த மணலிலேயே முன்சக்கரம் வழுக்கியது. என் வீட்டு எடை மெஷினை முன்சக்கரத்தின் கீழ் வைத்து, பின்சக்கரங்களை அதே உயரத்துக்குப் பலகையில் ஏற்றிப் பார்த்தோம். தம்பியோடு சேர்ந்து மொத்தம் 81 கிலோ, முன்னால் 18தான். சீட் நகரும்படி முன்யோசனையோடு வரிசையாகத் துளை போட்டிருந்தார். ஐந்து அங்குலம் முன்னே தள்ளினோம், கிட்டத்தட்ட 24 கிலோ ஆயிற்று. வழுக்கல் நின்றது. பலகையில் 27 டிகிரி 25 ஆகக் குறைந்தது. அதை மறைக்காமல் தம்பியிடம் சொல்லி, அவனைச் சந்துமுனையில் மெதுவாகவும் வேகமாகவும் பத்துப் பதினைந்து தடவை வளைக்க வைத்தார். உள்பக்கச் சக்கரம் லேசாவது எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிந்தபிறகுதான் வண்டியை எடுத்துப் போகவிட்டார்.

குறைகளையும் சொல்கிறேன். மூன்று வாரம் என்றார், ஏழு வாரம் ஆயிற்று. கல்யாண சீசனில் பந்தல் ஆர்டர் வந்தால் நம் வேலை ஓரமாகப் போய்விடும். போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். ரசீது கேட்டால்தான் தருவார். வண்டி எடுத்த மூன்றாவது வாரம் கிராங்க் கம்பத்தின் அடியில், வெல்டிங் ஓரமாக மயிரிழை விரிசல் ஒன்று. துடைக்கும்போது தம்பி கண்ணில் பட்டது, இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கொண்டுபோய்க் காட்டியதும் பாய் முகம் மாறிவிட்டது. "இது என் தப்பு. இழுப்பு அதிகமா வர்ற இடத்துல குறுக்கே வெல்டு வெச்சுட்டேன்" என்றார். அந்தக் கம்பத்தையே வெட்டி எடுத்துப் புதிது போட்டு, இரண்டு பக்கமும் முக்கோணப் பட்டை வைத்து, அன்று மாலையே தந்தார். காசு வாங்கவில்லை. அதன்பின் ஐந்து மாதம் ஆகிறது, விரிசல் இல்லை. ஆனாலும் வாராவாரம் எல்லா வெல்டையும் துணியால் துடைத்துப் பார்க்கிறோம். யார் செய்து தந்த வண்டியானாலும் நீங்களும் பாருங்கள்.

பவுடர் கோட்டிங் பெயின்ட் வேலை அவர் செய்வதில்லை. நான் வேறொரு இடத்தில் கொடுத்தேன், பேரிங் உட்காரும் இடத்தை மூடாமல் அடித்துவிட்டார்கள். அதைச் சுரண்டவே ஒரு நாள் போயிற்று. கொடுக்கும்போதே டேப் ஒட்டிக் கொடுங்கள்.

செலவு: பாய்க்கு 13,000, லேத்துக்கு 3,200, சாமான் 11,400, பெயின்ட் 1,800. மொத்தம் 29,400 ரூபாய். பிளைவுட் மாதிரிக்கு அவர் தனியாக எதுவும் வாங்கவில்லை. மோட்டாரும் வைத்துவிடலாமா என்று கேட்டேன். வண்டியின் பைப் சட்டம் இப்போது கைவேகத்துக்குத்தான் கணக்குப் போட்டது, மோட்டார் என்றால் பிரேக்கிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப யோசிக்க வேண்டும் என்று மறுத்துவிட்டார். மறுத்தது எனக்குப் பிடித்தது.

வேலை நடந்துகொண்டிருந்த ஒரு நாள் அவரிடம் ஸ்டீபன் ஃபார்ஃப்ளரைப் பற்றிச் சொன்னேன். ஜெர்மனியின் நியூரம்பெர்க் பகுதியில் கடிகாரம் செய்தவர், நடக்க முடியாதவர். 1655இல் தனக்காக ஒரு மூன்று சக்கர வண்டி செய்துகொண்டார், கையால் சுழற்றினால் முன்சக்கரம் ஓடும். கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை வாங்கிய முதல் காருக்கும் மூன்று சக்கரம்தான், ஆனால் அது பாய்க்குப் பெரிதாகப் படவில்லை. கடிகாரக்காரர் கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டார். "அவரும் முன்சக்கரமா? ஏத்தத்துல வழுக்கியிருக்குமே" என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

தம்பி இப்போது கம்மனஹள்ளிக்குத் தனியாகப் போய்வருகிறான். ஏற்றத்தில் கடைசிக் கியரில் மெதுவாக ஏறுகிறான், யாரும் தள்ளுவதில்லை. இரவு வண்டி கேட்டுக்கு உள்ளே நிற்கிறது. அடுத்து, அவனுடைய ரிப்பேர் சாமான் பெட்டிக்குச் சீட்டின் பின்னால் ஒரு கேரியர் வேண்டும். போன வாரம் போய்ப் பெட்டியின் நீளம், அகலம், உயரம், எடை எல்லாம் எழுதிய தாளைக் கொடுத்தேன். பாய் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி, பெட்டியைக் கொண்டு வாங்க, தம்பியையும் கூட்டிட்டு வாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.