உதிர்ந்ததை எண்ணுவதா, முளைப்பதைப் பார்ப்பதா?

கடும் காய்ச்சல் ஒன்று வந்து போய் இரண்டரை மாதம் கழித்து எனக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. காய்ச்சலே மறந்துபோயிருந்த நேரம். சீப்பில், தலையணையில், குளியலறைத் தரையில் எங்கு பார்த்தாலும் முடி. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, "டீலோஜன் எஃப்ளூவியம்தான், காய்ச்சல் மாதிரி உடம்பு அதிர்ந்த பிறகு வரும் தற்காலிக முடி உதிர்வு, தானாக நிற்கும், தானாக முளைக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். முளைக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நானும் கேட்கவில்லை.

அதனால் வீட்டிலேயே நான்கு வழிகளை முயன்றேன். உதிர்ந்த முடியை எண்ணினேன், குதிரைவாலின் சுற்றளவை அளந்தேன், வகிட்டைப் போட்டோ எடுத்தேன், நெற்றியோரக் குட்டி முடிகளைக் கவனித்தேன். என் ஓட்டு கடைசி வழிக்குத்தான்.

குதிரைவாலை முதலில் முடித்துவிடுகிறேன். ரப்பர் பேண்ட் போடும் இடத்தில் நூலைச் சுற்றி, சுற்று முடியும் இடத்தில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வது. கேட்க எளிது. ஆனால் முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. தான் வளரும். நெற்றியில் முளைத்த முடி பின்னந்தலையில் கட்டும் இடம் வரை வர ஒன்றரை வருடம்கூட ஆகலாம். தலை நன்றாகத் தேறிக்கொண்டிருக்கும்போதும் நூல் "மோசம், மோசம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

போட்டோ பரவாயில்லை. அதே வகிடு, அதே வெளிச்சம், காய்ந்த தலை, மாதம் ஒரு முறை. ஈரத் தலையோடு எடுத்தால் யாருக்கும் மண்டை தெரியும். முளைப்பைத் துணை நின்று காட்டும் சாட்சியாக இதை வைத்துக்கொள்ளலாம், தனியாக நம்ப முடியாது.

எண்ணுவதுதான் பலரும் செய்வது. நானும் ஆறு வாரம் செய்தேன். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு, தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடி இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்ததுதான். தொல்லை எங்கே என்றால், தலைக்குக் குளிக்காத நாளில் 60, குளித்த நாளில் 240 என்று கணக்கு ஏறி இறங்கும். நான்கு நாள் தேங்கி நின்றதெல்லாம் ஒரே நாளில் கையோடு வருகிறது, அவ்வளவுதான். ஆனாலும் அன்று ராத்திரி தூக்கம் போய்விடும்.

இன்னொரு குழப்பம், உதிர்ந்த முடியின் அடியில் இருக்கும் வெள்ளை முனை. வேரோடு போய்விட்டது என்று பயந்தேன். அது வேரல்ல. வளர்ச்சி நின்று சும்மா இருக்கும் ஓய்வுக் கட்டத்தை முடித்துவிட்டு வெளியேறிய முடியின் அடையாளம் அது. முடியை உருவாக்கும் வேர்ப்பை தலைத்தோலிலேயே இருக்கிறது. ஓய்வுக் கட்டம் சுமார் 3 மாதம். இன்று சீப்பில் வருவது மூன்று மாதத்துக்கு முன்பே வளர்ச்சியை நிறுத்திய முடி. எண்ணிக்கை சொல்வது பழைய செய்தி. மேலே கொட்டிக்கொண்டிருக்கும்போதே கீழே முளைக்கவும் செய்யலாம், எனக்கு அப்படித்தான் நடந்தது. ஆறு மாதம் தாண்டியும் உதிர்வு குறையவில்லை என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டியிருந்தால் எண்ணிக்கை உதவும். மற்றபடி கவலைக்குத் தீனி.

சரி, குட்டி முடிக்கு வருவோம். தீர்மானிக்கும் விஷயம் நுனி. ஒருமுறைகூட வெட்டுப்படாத புது முடியின் நுனி ஊசி மாதிரி மெலிந்து முடியும். உடைந்த முடியின் நுனி மொட்டையாக இருக்கும், அல்லது பிளந்து நார்நாராக இருக்கும். கறுப்பு முடி என்றால் நெற்றியோரத்தில் வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்து, கைபேசி கேமராவை ஜூம் செய்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். காய்ச்சலுக்குப் பின் ஏழாவது மாதம், நெற்றியில் இரண்டு மூன்று செ.மீ. நீளத்தில் சிலிர்த்து நின்ற முடிகளை உடைந்தவை என்று எண்ணி வலது பக்கம் முழுக்கக் கத்தரித்துவிட்டேன். அப்புறம்தான் இடது பக்கம் தாளை வைத்துப் பார்த்தால் எல்லாம் கூர் நுனி! ஆசை ஆசையாய் முளைத்ததை நானே வெட்டியிருக்கிறேன். வெட்டிய பக்கத்தில் இனி நுனியை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நுனிக்கு அடுத்தது நீளம். ஒரே காரணத்தால் கொட்டியது ஏறத்தாழ ஒரே சமயத்தில் முளைக்கும் என்பதால் புது முடிகள் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கும், அடுத்த மாதம் எல்லாம் 1 செ.மீ. ஏறியிருக்கும். உடைந்தவை ஆளுக்கொரு உயரம், அதுவும் உச்சியிலும் ரப்பர் பேண்ட் அழுத்தும் இடத்திலும்தான் அதிகம். முதல் மாதத்தில் புது முடி மெலிந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம். வெளியே தெரிவது மெல்லிய நுனி, தடித்த பகுதி பின்னால் வரும்.

மூன்றாவதாக ஒரு ஏமாற்றுக்காரர் உண்டு, பூனைமுடி. அதுவும் கூர் நுனிதான். ஆனால் மெலிந்து, வெளிறி, ஒன்றிரண்டு செ.மீ.க்கு மேல் நீளாது. மாதங்கள் போயும் குட்டி முடிகள் அப்படியே நின்று, வகிடும் அகன்றுகொண்டே போனால் அது பரம்பரை வழி மெலிவாக இருக்கலாம். அதைக் கண்ணாடி முன் நின்று முடிவு செய்ய முடியாது. தோல் மருத்துவர் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் கருவியை வைத்து, பக்கத்துப் பக்கத்து முடிகளின் தடிமன் எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்ப்பார். வட்ட வட்டமாகச் சொட்டை, சிவப்பு, வலி, வழவழப்பான தழும்பு என்று எதுவாவது இருந்தாலும் நுனி பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம், நேராகப் போய்விடுங்கள்.

என் முடி நேரானது, சாயம் போடாதது. நான் சொன்னதெல்லாம் அதில் பார்த்தது. சுருட்டை முடியில் நீளத்தை அளக்க இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும், அந்த அனுபவம் எனக்கில்லை.

காய்ச்சல் வந்து ஒரு வருடம் ஆகிறது. இடது பக்கக் குட்டி முடி 8 செ.மீ. பின்னலுக்குள் அடங்காமல் நாள் முழுக்கக் கண்ணில் விழுகிறது. நூலில் போட்ட பழைய முடிச்சை மட்டும் குதிரைவால் இன்னும் தொடவில்லை.