பழைய படத்தில் உள்ள மாளிகையைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் மூலப் படத்தை அனுப்பாதீர்கள்

பழைய குடும்பப் புகைப்படத்தில் தெரியும் இங்கிலாந்து மாளிகை எது என்று கண்டறிந்து சொல்வதாக இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்திடம் 165 பவுண்டு கொடுத்தேன். கைக்கு வந்தது தவறான அறிக்கை. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அவர்கள் கைக்குப் போய்த் திரும்பிய படத்துக்கு நேர்ந்ததை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. இத்தகைய படங்கள் நம்மவர் வீடுகளில் இன்னும் பல இருக்கும் என்பதால் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

படம் என் பெரியம்மாவுடையது. திருச்சியில் அவருடைய டிரங்குப் பெட்டியில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், ஒரு பழைய பஞ்சாங்கத்தின் நடுவே பல பத்தாண்டுகளாகப் பத்திரமாக இருந்தது. அஞ்சலட்டை அளவுள்ள அந்தப் படத்தில் மூன்று தளங்கள் கொண்ட ஒரு கல் மாளிகை. மேல்தளத்தில் ஒன்பது ஜன்னல்கள். பார்ப்பவருக்கு இடப்புறம் ஒரு சதுரக் கோபுரம். முன்னால் சரளைக்கல் பாதையில் கோட்டு அணிந்த துரை ஒருவர் நிற்கிறார், துரைசானி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார், இரண்டு பிள்ளைகள் புல்தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரத்தில், வெள்ளைப் புடவையில், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் எங்கள் கொள்ளுப்பாட்டி. மெட்ராஸில் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தில் ஆயாவாக வேலை பார்த்து, அவர்கள் தாய்நாடு திரும்பியபோது குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள அவர்களோடு கப்பலேறிப் போனவர். அவ்வாறு போன ஆயாக்களில் பலர் வேலை முடிந்ததும் ஊர் திரும்ப வழியின்றி லண்டனில் கைவிடப்பட்டார்கள். அவர்களுக்காக ஹாக்னி பகுதியில் 1900 முதல் இயங்கிய ஆயாக்கள் இல்லத்தின் கட்டடத்தில் 2022 இல் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. எங்கள் கொள்ளுப்பாட்டி நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தார். ஆனால் அந்தப் பயணத்தைப் பற்றிக் குடும்பத்தில் எஞ்சியது 'அறுபது அறை வீடு, வாசலில் வாத்துக் குளம்' என்ற ஒற்றை வரி மட்டுமே. வீட்டின் பெயர், ஊரின் பெயர், அந்தத் துரையின் பெயர் எதுவும் யாருக்கும் தெரியவில்லை.

நான் வேலை நிமித்தம் இங்கிலாந்துக்கு வந்தபோது பெரியம்மா இந்தப் படத்தை என் கையில் கொடுத்து, அந்த வீடு எது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அந்த அவசரத்தில்தான் நிறுவனத்தை அணுகினேன். முதலில் கைபேசியில் எடுத்த நகலை அனுப்பினேன். நுண்ணிய விவரங்களைப் பார்க்க மூலப் படம் தேவை என்று பதில் வந்தது. பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தேன். அனுப்பும் முன் படத்தின் பின்பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

ஆறு வாரம் கழித்து, தடித்த அட்டை போட்ட 34 பக்க அறிக்கை வந்தது. மென்பொருள் ஒப்பீட்டில் 98 விழுக்காடு பொருத்தம் என்றும், படம் 1925 ஐ ஒட்டி எடுக்கப்பட்டது என்றும், மாளிகை டெர்பிஷரில் இன்று பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும் புகழ்பெற்ற ஒன்று என்றும் அதில் எழுதியிருந்தார்கள். பெரியம்மாவுக்கு அன்றே போன் செய்தேன். அவர் தெரு முழுக்கச் சொல்லி மகிழ்ந்தார். அடுத்த சனிக்கிழமை ரயிலேறி அந்த மாளிகையின் முன் போய் நின்றேன். கோபுரம் வலப்புறம் இருந்தது. மேல்தள ஜன்னல்களை மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் பதினொன்று வந்தது. அப்போதுதான் அறிக்கையை நிதானமாகப் படித்தேன். 34 பக்கங்களில் 29 பக்கங்கள் அந்த மாளிகையின் பொதுவான வரலாறு. அதில் பெரும்பகுதி யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இணையப் பக்கங்களிலிருந்து வரிக்கு வரி எடுக்கப்பட்டிருந்தது.

கேள்வி கேட்டு எழுதினேன். ஜன்னல்களைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாம் என்றும், நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டதால் படம் இடவலமாக மாறியிருக்கிறது என்றும் பதில் வந்தது. அதோடு, படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிய நகல் ஒன்றையும் இணைத்திருந்தார்கள். அந்த நகலைத் திறந்ததும் என் கண் முதலில் போனது கோபுரத்தின் மேல் அல்ல, கொள்ளுப்பாட்டியின் தோளின் மேல்தான். மூலப் படத்தில் இடது தோளில் இருந்த முந்தானை வலது தோளுக்கு வந்திருந்தது. வலது தோளில் முந்தானை போடும் வழக்கமும் நம்மிடையே உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து நான் முடிவுக்கு வரவில்லை. ஆனால் துரையின் கோட்டைப் பாருங்கள்: ஆண்கள் கோட்டில் மார்புப் பை இடப்பக்கம் இருக்கும், இடப்பாகம் வலப்பாகத்தின் மேல் படிந்து பொத்தான் போடப்படும். மூலப் படத்தில் இரண்டும் சரியாக இருக்கின்றன. அவர்கள் திருப்பிய நகலில் இரண்டுமே தலைகீழாகிவிட்டன. மூலப் படம் சரியாகவே அச்சிடப்பட்டிருந்தது. தங்கள் விடைக்குப் பொருந்துவதற்காக அவர்கள்தான் அதைத் திருப்பினார்கள்.

பிறகு மூலப் படம் திரும்பி வந்தது. அதைத் தடித்த அட்டையில் முழுவதுமாகப் பசை தடவி ஒட்டி, அட்டையின் அடியில் தங்கள் முத்திரையைப் பதித்திருந்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்த இலவசச் சேவை என்று குறிப்பு வேறு. பின்பக்கம் அட்டைக்குள் மறைந்துவிட்டது.

வீட்டை அடையாளம் காண முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் எவ்வளவு பெறுமதியானது என்பதை நான் அதன் பிறகே கற்றுக்கொண்டேன். பெரியம்மாவின் பேரன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் படத்தின் இரண்டு பக்கங்களையும் கைபேசியில் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். கொஞ்சம் மங்கலான அந்த ஒரு நகல்தான் இன்று எங்களிடம் உள்ள ஆதாரம். படம் அஞ்சலட்டைத் தாளிலேயே அச்சிடப்பட்டது; அதனால் பின்பக்கத்தின் நடுவே ஒரு கோடு. ஒரு பாதி செய்திக்கு, மறு பாதி முகவரிக்கு. பிரிட்டனில் 1902 இல்தான் இப்படிப் பிரித்து எழுத அஞ்சல் துறை அனுமதித்தது. தபால்தலை ஒட்டும் கட்டத்துக்குள் உள்நாட்டுக்கு அரை பென்னி என்று அச்சிட்டிருக்கிறது. அந்தக் கட்டணம் 1918 ஜூன் 3 அன்று ஒரு பென்னியாக உயர்ந்தது. ஆக, அந்தத் தாள் 1902 க்கும் 1918 க்கும் இடைப்பட்டது. கையிருப்பில் கிடந்த பழைய தாளில் பிற்பாடு அச்சிட்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் துரைசானியின் பாவாடை தரையைத் தொடுகிறது; 1925 இல் அந்த நாகரிகம் போய்விட்டது. படம் மாதக்கணக்கில் அவர்கள் கையில் இருந்தது. ஒருவர் ஒரு நிமிடம் திருப்பிப் பார்த்திருந்தால் 1925 என்று எழுதியிருக்க மாட்டார்.

மென்பொருள் ஒப்பீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்று நிற்கும், இணையத்தில் படங்கள் நிறைந்த மாளிகைகளைத்தான் அது காட்ட முடியும். இங்கிலாந்தில் கடந்த நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுப்புற மாளிகைகள் இடிக்கப்பட்டன. வாரிசு வரி, விளைநிலத்தின் வருமானம் சரிந்தது, போர்க்காலத்தில் ராணுவம் தங்கியதால் ஏற்பட்ட சேதம் என்று காரணங்கள் பல. 1974 இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இந்த அழிவைப் பற்றியே ஒரு கண்காட்சி நடத்தியது. எங்கள் படத்தில் உள்ள வீடும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்ற வார்த்தை 34 பக்கங்களில் ஓரிடத்தில்கூட இல்லை.

இதற்கு மேலும் ஒன்று நடந்தது. அந்த மாளிகையின் சம்பளப் பதிவேட்டில் என் கொள்ளுப்பாட்டியின் பெயர் கிடைத்திருப்பதாகவும், 240 பவுண்டு செலுத்தினால் அதன் சான்றிட்ட நகலைத் தருவதாகவும் எழுதினார்கள். மாதிரியாக அனுப்பிய வரியில், விண்ணப்பப் படிவத்தில் நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த அதே எழுத்துக்கூட்டலில் அவர் பெயர் இருந்தது. அந்தக் காலப் பயணியர் பட்டியல்களில் ஆயாக்களைப் பெரும்பாலும் இன்னாருடைய ஆயா என்று மட்டுமே எழுதினார்கள். தமிழ்ப் பெயர் எங்காவது பதிவானாலும் எழுதியவர் காதில் விழுந்தபடிதான் இருக்கும். என் படிவத்தின் எழுத்துப் பிழைகூட மாறாமல் நூறாண்டுப் பழைய பதிவேட்டில் இருக்க வழியே இல்லை. பணம் அனுப்பவில்லை.

முதலில் கட்டிய தொகையைத் திருப்பிக் கேட்டபோது, அறிக்கை ஒரு கருத்து மட்டுமே என்ற நிபந்தனையைக் காட்டி மறுத்துவிட்டார்கள். பிரிட்டனில் இருப்பவர்கள் 100 பவுண்டுக்கு மேற்பட்ட இத்தகைய சேவைக்குக் கடன் அட்டையில் பணம் செலுத்துங்கள். 1974 ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் மீறப்பட்டால் அட்டை வழங்கிய வங்கியும் பொறுப்பேற்க வேண்டும். நான் டெபிட் அட்டையில் செலுத்தியதால் அந்த உரிமை எனக்கு இல்லை.

இப்போது தேடலை நானே தொடர்கிறேன். பேரன் எடுத்த நகலில், புகைப்படக்காரரின் ஊதா முத்திரையில் 'மகன்' என்ற சொல்லும், 'பரோ' என்று முடியும் ஊர்ப் பெயரும் தெரிகின்றன. பீட்டர்பரோ, லஃப்பரோ, வெல்லிங்பரோ, கெயின்ஸ்பரோ என்று நான் குறித்து வைத்திருக்கும் ஊர்களில் ஒன்றும் டெர்பிஷரில் இல்லை. லெஸ்டர் பல்கலைக்கழகம் பழைய வணிகக் கையேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது; அவற்றில் அந்தந்த ஊர்ப் புகைப்படக்காரர்களின் பெயர்களைப் பார்த்து வருகிறேன். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்தின் பழைய நில அளவை வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. வீடு இடிந்திருந்தாலும் அதன் தரைவடிவமும் குளமும் அவற்றில் இருக்கும் என்பதால், அந்த ஊர்களைச் சுற்றி வாத்துக் குளம் ஒட்டிய பெரிய வீடுகளைக் குறித்துக்கொண்டிருக்கிறேன்.

படத்தை அட்டையிலிருந்து பிரிக்க முடியுமா என்று தாள் பாதுகாப்பு நிபுணர் ஒருவரிடம் காட்டினேன். பசையின் தன்மையைச் சோதித்த பிறகே சொல்ல முடியும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்றார். பெரியம்மாவிடம் ஒட்டியதைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. "கொடுத்தப்பவே நான் சொல்லியிருக்கணும் கண்ணு, பின்னாடி எழுத்து இருக்குன்னு" என்றார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் அவர் கேட்கும் முதல் கேள்வி, பின்பக்கம் தெரிந்ததா என்பதுதான்.