நீட்டிச் சுருக்கும் இரும்பு ஸ்கேட்: நட்டை மாற்றுங்கள்

மகளுக்கு வாங்கிய இந்த நான்கு சக்கர ஸ்கேட்டில் சக்கரங்களைக் குறை சொல்ல முடியாது. உள்ளே இருப்பது 608 என்ற பொது அளவு பேரிங்தான், தேய்ந்தால் பேரிங் கடையில் எளிதாகக் கிடைக்கும். சிக்கல் நடுவில், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் இடத்தில். இரண்டு தகடுகளையும் ஒரே நட்டுதான் பிடித்திருக்கிறது. ஓடும் அதிர்வில் அது தளர்ந்து, தகடுகள் விலகி, ஷூ ஆடுகிறது. பிள்ளையின் கணுக்கால் என்ன ஆகும்? நைலான் வளையம் வைத்த நட்டு போட்டேன். அப்புறம் தளரவே இல்லை. தயாரிப்பவர்களே அதைப் போட்டுத் தரலாமே! தகட்டின் நீள் துளையோரம் பல் வெட்டியிருந்தால் இன்னும் உறுதியாக நிற்கும்.

ஒரு பக்கம் சாய்ந்தால் ஸ்கேட்டை அந்தப் பக்கம் திரும்ப வைக்கும் ரப்பர், 1863இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பிளிம்டன் என்பவர் காப்புரிமை பெற்ற உத்தி, இதிலும் உண்டு. ஆனால் இந்த ரப்பர் ரொம்பக் கெட்டி. எடை குறைந்த பிள்ளைகளுக்கு மென்மையான ரப்பரே வேண்டும்.