போஹாங் ஸ்டீலர்ஸ் ஜெர்சி: உப்புக்காற்றில் தாங்குமா?

கறுப்பு-சிவப்புக் கால்பந்து ஜெர்சியில் பட்டை நெடுக்கே ஓடினால் இத்தாலியின் மிலான். குறுக்கே ஓடினால் பிரேசிலின் ஃபிளமெங்கோ, அதுவும் இல்லாவிட்டால் தென்கொரியக் கிளப்பான போஹாங் ஸ்டீலர்ஸ். கறுப்பும் சிவப்பும் சேர்ந்தாலே மிலான் என்று முடிவுகட்டுகிறவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். கொரியாவில் இந்த ஜோடிக்கு ‘கொம்ப்பல்’ என்று செல்லப்பெயர் உண்டு. கறுப்புக்கும் சிவப்புக்குமான கொரியச் சொற்களின் முதல் அசைகளை ஒட்டினால் அது வரும்.

இங்கே எடைபோடுவது இரண்டு பொருள். ஒன்று, கொரியாவிலிருந்து வரவழைக்கும் கிளப்பின் அசல் ஜெர்சி. இன்னொன்று, அதே பட்டைப் பாணியில் நம் பாம்பன், தனுஷ்கோடிக் கரையின் ஊர் அணிகள் மொத்தமாகத் தைத்து வாங்கும் செட். அசல் போட்டுக்கொண்டு திரிவதற்கு நல்லது. மணலிலும் உப்பிலும் வாரம் மூன்று நாள் ஆடுவதற்கு வீண்செலவு. ஆடுவதற்குத் தைத்த செட்டே போதும், ஆனால் அச்சடிக்கும் இடத்தில் ஏமாறாமல் இருக்க வேண்டும். ‘ரெட்ரோ’ (பழைய சீசன் பாணி) என்று இணையத்தில் விற்கிறார்களே ஒரு மூன்றாவது வகை, அதில் பெரும்பகுதியை வரலாறு தெரிந்தவர் கையால் தொடமாட்டார். காரணம் துணியில் இல்லை, எழுத்தில் இருக்கிறது.

போஹாங் தென்கொரியாவின் கிழக்குக் கரை ஊர், யோங்கில் வளைகுடாவை ஒட்டியது. பக்கத்துக் குரியோங்போ துறையில் குளிர்காலக் காற்றில் மீனைத் தொங்கவிட்டுப் பாதி உலர்த்தி ‘குவாமேகி’ என்று விற்பார்கள். நம் கருவாட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கரையில் 1968-ல் தொடங்கப்பட்ட போஸ்கோ இரும்பு நிறுவனத்தின் முதல் ஊதுலையில் 1973 ஜூனில் இரும்பு ஓடியது. ஆலையின் கால்பந்து அணி தொடங்கியதும் அதே 1973-ல்தான். உலைக்கும் அணிக்கும் ஒரே வயது. நெருப்பும் கரியும்தான் ஜெர்சியின் நிறம் என்று ரசிகர்கள் சொன்னால் மறுக்க மனம் வராது.

ஆனால் ‘ஸ்டீலர்ஸ்’ என்ற பெயர் அப்போது கிடையாது. 1983-ல் ஐந்து அணிகளோடு கொரியாவின் சூப்பர் லீக் தொடங்கியபோது போஸ்கோவும் அதில் ஒன்று. அந்தத் தொடக்கக் காலப் பெயர் போஸ்கோ டால்ஃபின்ஸ். பாம்பன்காரர்கள் ‘ஓங்கல்’ என்று சொல்லும் அதே டால்ஃபின்தான். 1985-ல் அது போஸ்கோ ஆட்டம்ஸ் ஆனது. அணுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், தமிழில் எழுதினால் விளையாட்டுக்கே பொருத்தமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1995-ல் நிறுவனப் பெயர் போய் ஊர்ப்பெயர் வந்தது: போஹாங் ஆட்டம்ஸ். 1997-லிருந்துதான் போஹாங் ஸ்டீலர்ஸ்.

ரெட்ரோ ஜெர்சியின் பொய் இங்கேதான் பிடிபடும். கிளப் லீக் பட்டம் வென்ற ஆண்டுகள் 1986, 1988, 1992, 2007, 2013. முதல் மூன்றும் ஆட்டம்ஸ் பெயரில் வென்றவை. ‘1992 சாம்பியன்’ என்று போட்டு மார்பில் ஸ்டீலர்ஸ் சின்னம் வைத்திருந்தால் அது யாரோ கணினியில் உட்கார்ந்து ஒட்டிய சட்டை. முதுகில் உள்ள பெயரையும் பாருங்கள். ஹோங் மியோங்-போ 1992-ல் அறிமுகமாகி அதே ஆண்டு லீக்கின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர்; அவர் பெயர் இருந்தால் சரி. ஹ்வாங் சன்-ஹோங் என்ற வீரர் அணிக்கு வந்தது 1993-ல். 1992 ஜெர்சியில் ஹ்வாங் பெயர் இருந்தால் கடையை மூடிவிட்டுக் கிளம்பலாம். இருவரும் தேசிய அணியில் போட்ட எண்ணைக் கிளப் ஜெர்சியில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதும் வழக்கமான தவறு; அந்தந்த சீசனின் ஆட்டப் படத்தைப் பார்த்து எண்ணை உறுதிசெய்யுங்கள். ஆசியக் கிளப் சாம்பியன் பட்டங்கள் 1997, 1998, 2009. மூன்றாவது, டோக்கியோவில் சவூதியின் அல்-இத்திஹாதை 2–1 என்று வென்றது. கொரியக் கோப்பை 1996, 2008, 2012, 2013, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் வந்தது. இவற்றில் இல்லாத ஆண்டைப் போட்டுப் ‘பட்டம்’ என்று விற்றால் அது கற்பனை.

எந்த சீசனின் ஜெர்சி வாங்கலாம் என்று கேட்டால் பதில் 2013. 2007 பட்டம் ருசியானதுதான்: லீக் சுற்றில் ஐந்தாவதாக முடித்து, பிளே-ஆஃபில் ஒவ்வொருவராக வீழ்த்திக் கடைசியில் சொங்னாம் அணியையும் வென்றார்கள், பயிற்சியாளர் பிரேசிலின் செர்ஜியோ ஃபாரியாஸ். ஆனால் 2013-ன் கதை வேறு. அந்த ஆண்டு அணியில் ஒரு வெளிநாட்டு வீரர்கூட இல்லை. பயிற்சியாளர், அதே பழைய ஹ்வாங் சன்-ஹோங். 19-ஆம் நூற்றாண்டில் கொரியாவின் கதவுகளை வெளிநாட்டாருக்குச் சாத்திய ஹுங்சொன் தேவோன்குன் என்ற ஆட்சியாளரின் பெயரோடு இவர் பெயரைக் கோத்து ‘ஹ்வாங்சொன் தேவோன்குன்’ என்று கிண்டலாகக் கூப்பிட்டார்கள். டிசம்பர் 1, கடைசி ஆட்டம், எதிரி ஊர் உல்சானில். இரண்டு புள்ளி முன்னிலையில் இருந்த உல்சானுக்கு டிரா போதும். 90 நிமிடம் தாண்டி, கூடுதல் நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில் கோல்முன் நெரிசலில் கிம் வோன்-இல் தட்டிவிட்டார், அவர் தடுப்பாட்டக்காரர். 1–0. கோப்பையும் லீக்கும் ஒரே ஆண்டில் ஒரே கிளப்புக்கு வந்தது கொரியாவில் அதுதான் முதல்முறை. கிம் வோன்-இல் பெயர் அடித்த ஜெர்சி பழைய சரக்காகக் கிடைத்தால் அளவு சரியில்லை என்றாலும் வாங்கிவைக்கலாம்.

உல்சானும் போஹாங்கும் மோதுவதைக் கிழக்குக் கடல் டெர்பி என்பார்கள். உல்சான் பக்கம் கப்பல் கட்டும் தொழில், போஹாங் பக்கம் இரும்பு. போஹாங்கின் பிள்ளையான ஹோங் மியோங்-போதான் பின்னாளில் உல்சானுக்குப் பயிற்சியாளராகி 2022, 2023 பட்டங்களை வாங்கித் தந்தார். ஆகவே ‘ஹோங்’ பெயர் அடிக்கும்போது எந்தக் காலத்து ஹோங் என்பதில் போஹாங் ரசிகர்கள் கொஞ்சம் கூச்சப்படுவார்கள்.

இனிப் பொருளுக்கு வருவோம். அசல் ஜெர்சி, மேலே பெயரும் எண்ணும் அடித்தால், ஒரு லட்சம் வோனை ஒட்டியோ தாண்டியோ வரும். கொரியக் கிளப் கடைகளில் நேரடியாக வாங்குவதில் இரண்டு முட்டுக்கட்டை: உள்ளூர் கைபேசி எண்ணில் சரிபார்ப்பு கேட்பது, வெளிநாட்டு அட்டையை ஏற்காதது. அதனால் வாங்கி அனுப்பும் இடைச்சேவை வழியாகத்தான் பெரும்பாலும் வரும். இந்தியாவில் சுங்கவரி ஜெர்சி விலைக்கு மட்டும் அல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்த மதிப்புக்குப் போடப்படும். கூரியர் கேட்கும் அடையாள ஆவணத்தைத் தாமதமாக ஏற்றினால் பார்சல் துறைமுக நகரத்திலேயே நாள்கணக்கில் கிடக்கும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் அனுப்பும் செலவு பங்காகும், ஆனால் ஜெர்சி விலைக்கான வரி குறையாது.

அளவில் குழப்பம் வேண்டாம். கொரிய எண் என்பது மார்புச் சுற்றளவு, சென்டிமீட்டரில். 95 என்றால் நம் 38, 100 என்றால் 40, 105 என்றால் 42, 110 என்றால் 44. வீரர் பதிப்பு (‘பிளேயர் வெர்ஷன்’) என்று போட்டிருந்தால் உடலோடு ஒட்டித் தைத்திருப்பார்கள். ஒரு எண் கூட்டி எடுங்கள். நம் ஈர வெயிலில் ஒட்டிய பாலியஸ்டர் முதுகோடு முதுகாகிவிடும்.

செட் தைப்பவர்கள் கவனிக்க வேண்டியது அதிகம், ஏனென்றால் குறுக்குப் பட்டையைப்போல் பிழையைக் காட்டிக்கொடுக்கும் வடிவம் வேறு இல்லை. சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணியில் ஏற்றும் சப்ளிமேஷன் முறையில் முதலில் வெள்ளைத் துணியில் அச்சு ஏறும், பிறகுதான் வெட்டித் தைப்பார்கள். ஏறத்தாழ 190–200 டிகிரி சூட்டில் துணி லேசாகச் சுருங்கும். முன்பக்கமும் பின்பக்கமும் வெவ்வேறு தடவை ஓடியிருந்தால் சுருக்கம் ஒன்றாக இருக்காது. பக்கத் தையலில் சிவப்பு போய்க் கறுப்பில் முட்டும். ஒரே ஓட்டத்தில், ஒரே துணிச் சுருளில் அடிக்கச் சொல்லுங்கள். மாதிரிச் சட்டை ஒன்று வாங்கி, அக்குளிலிருந்து கீழ்வரை பட்டை பட்டையாகச் சேர்கிறதா என்று பார்த்த பிறகே, முன்பணம் போக மீதியைக் கொடுங்கள். கைப்பட்டையும் கை தொங்கும் நிலையில் மார்புப் பட்டையோடு நேர்க்கோட்டில் வர வேண்டும்.

துணி நூறு சதவீதம் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி கலந்தால் சாயம் பிடிக்காமல் முதல் அலசலிலேயே வெளிறும். 140–160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) உள்ள டாட் நிட், அதாவது புள்ளிப் பின்னல் துணி, நம் வெயிலுக்குச் சரி. அதைவிட மெல்லியது என்றால், நீட்டும்போது கறுப்புப் பட்டைக்குள்ளிருந்து வெள்ளை எட்டிப் பார்க்கும். சாயம் மேற்பரப்பில்தான் நிற்கிறது. சூடோ நேரமோ குறைந்திருந்தால் கறுப்பு மங்கிப் பழுப்படிக்கும். மாதிரியைக் கடையின் குழல்விளக்கில் பார்க்காமல் வெளியே வெயிலில் வைத்துப் பார்ப்பது நல்லது.

எண்தான் பெரும்பாலான செட்டுகளைக் கெடுக்கிறது. சிவப்பு-கறுப்புத் துணிமேல் வெள்ளை வினைலை (ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) சூடாக அழுத்தினால், கீழே உள்ள சிவப்புச் சாயம் ஆவியாகி மேலேறி, சில வாரத்தில் வெள்ளை எண் ரோஜாப்பூ நிறமாகிவிடும். மூடிய காரிலோ மதிய வெயிலில் பையிலோ கிடந்தால் இன்னும் சீக்கிரம். வழி இரண்டு: எண்ணையும் வடிவத்திலேயே சேர்த்துச் சப்ளிமேஷனில் அடிப்பது, அல்லது சாயத்தைத் தடுக்கும் அடுக்கு உள்ள, குறைந்த சூட்டில் ஒட்டும் வினைல் கேட்பது. முதல் வழி மலிவு, உரியவும் உரியாது. எண்ணின் உயரம் 25 சென்டிமீட்டருக்குக் குறையாமல், கறுப்பு ஓரக்கோட்டோடு இருக்கட்டும். இல்லாவிட்டால் பட்டைக்குள் எண் கரைந்து, 3 எது 8 எது என்று நடுவர் கண்ணைச் சுருக்குவார்.

கொரிய எழுத்தில் பெயர் போட ஆசைப்படுகிறவர்களுக்கு: அச்சகத்துக் கணினியில் கொரிய எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும், அல்லது ஒன்றாக நிற்க வேண்டிய அசை மூன்று துண்டாகச் சிதறும். எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிய கோப்பைக் கொடுங்கள். கொரியப் பெயரில் முன்னால் நிற்பது குடும்பப்பெயர். ஹ்வாங், கிம், ஹோங் என்று அதை மட்டும் அடித்தால் ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தும், ஆகவே முழுப்பெயர் நல்லது. கிளப்பின் சின்னத்தை ஊர் செட்டில் அடிக்காதீர்கள். அது அவர்கள் உடைமை. பட்டை யாருக்கும் சொந்தமில்லை. அந்த இடத்தில் உங்கள் அணிச் சின்னம் உட்காரட்டும்.

துவைப்பதில் நம் கரைக்கென்று தனி விதி உண்டு. கடலில் நனைந்த ஜெர்சியை அப்படியே காயவிட்டால் உப்பு நூலுக்குள் கட்டியாகி அறுக்கும். அதன்மேல் தனுஷ்கோடி மணல் சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. ஆடி முடித்ததும் நல்ல தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் கடைசி அலசலுக்கு மட்டுமாவது காவிரித் தண்ணீர் ஒரு வாளி ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் நுரை போகாமல் கறுப்பில் வெள்ளைத் தடம் நிற்கும். உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் உலர்த்த வேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், வியர்வையை வெளியே விடும் தன்மை போய்விடும். அசல் ஜெர்சியில் ஒட்டுச் சின்னம் இருந்தால் அதன்மேல் இஸ்திரிப்பெட்டி படக்கூடாது.

மதிப்பெண்: அசலுக்கு ஐந்தில் மூன்றரை, விலைக்காகவும் வரிக்காகவும் ஒன்றரை வெட்டு. சரியாகத் தைத்த செட்டுக்கு நான்கு. செட் தைக்கும்போது கோல்காப்பாளருக்கு மஞ்சளும் நீலமும் வேண்டாம், அது உல்சான் நிறம்.